சென்டினல் ஏவுகணைக் கொள்முதல்: மாடலுக்குள் வராத நிலம் (நிகழ்வு ஆய்வு)

எதற்காக இந்த நிகழ்வு

பெரிய பாதுகாப்புக் கொள்முதல்களில் மாடல் அடிப்படையிலான சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் (சுருக்கமாக எம்பிஎஸ்இ, அதாவது தனித்தனி ஆவணங்களுக்குப் பதிலாக ஒன்றோடொன்று கோத்த கணினி மாடலில் வடிவமைக்கும் முறை) வந்தால் செலவு எகிறாது, காலம் தவறாது என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறார்கள். பழைய மினிட்மேன் 3 அணு ஏவுகணைகளுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கொண்டுவரும் அமெரிக்க விமானப்படையின் சென்டினல் ஏவுகணைத் திட்டம் இந்த முறைக்கு முன்னோடியாகக் காட்டப்பட்டது. அதே திட்டம்தான் நான்கே வருடத்தில் 81 சதவீதச் செலவு உயர்வோடு நாடாளுமன்றத்தின் முன் நின்றது. இதை வைத்து 'எம்பிஎஸ்இ வெறும் பேச்சு' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது சோம்பேறித்தனமான முடிவு என்பது என் எண்ணம். நடந்ததை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தேவையில்லை, பதவிகள் போதும். திட்டத்தின் உள் மாடல்கள் ரகசியம் என்பதால், பொதுவில் வந்த அறிவிப்புகளையும் தணிக்கை அறிக்கைகளையும் வைத்தே எழுதுகிறேன்.

பின்னணி: அறுபது வருடப் பழைய வலை

அமெரிக்காவின் தரையிலிருந்து பாயும் அணு ஏவுகணை மினிட்மேன் 3. இந்தக் குடும்பத்தின் முதல் ஏவுகணைகள் 1962 அக்டோபரில், கியூபா நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது மொன்டானாவில் தயார்நிலைக்கு வந்தன. மூன்றாவது வகை 1970-இல் வந்தது. பத்து வருடம் ஓடினால் போதும் என்று வடிவமைத்தது, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. 400 ஏவுகணைகள், அவற்றுக்கான 450 சைலோக்கள் (ஏவுகணை நிற்கும் நிலத்தடிக் குழிகள்), ஒவ்வொன்றும் பத்து சைலோக்களைப் பார்த்துக்கொள்ளும் 45 ஏவு கட்டுப்பாட்டு மையங்கள். எல்லாம் மொன்டானாவின் மால்ம்ஸ்ட்ரோம், வட டகோட்டாவின் மைனாட், வயோமிங்கின் எஃப்.இ. வாரன் ஆகிய மூன்று தளங்களின் கீழ், கோதுமை வயல்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே ஐந்து மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன.

'ஏவுகணை வாங்குகிறோம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வாங்குவது ஏவுகணை மட்டும் இல்லை. ஏவுகணை, அதைத் தாங்கும் சைலோ, மேலே இருக்கும் கனமான மூடி, மின்சாரம், குளிரூட்டல், சைலோவையும் கட்டுப்பாட்டு மையத்தையும் இணைக்கும் நிலத்தடிக் கேபிள், ஏவுகணையைக் கொண்டுபோய் இறக்கும் வண்டி, காவலுக்கு ஹெலிகாப்டர், முனையில் வைக்கும் மறுநுழைவுக் கூடு, அதற்குள் அணுகுண்டு என்று எல்லாமே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இதில் பாதி, வேறு ஆட்களின் கையில். எம்கே21ஏ என்ற மறுநுழைவுக் கூடு வேறொரு ஒப்பந்த நிறுவனத்திடம். டபிள்யூ87-1 குண்டு விமானப்படையின் பொறுப்பே கிடையாது, எரிசக்தித் துறையின் கீழ் வரும் அணுப் பாதுகாப்பு நிர்வாகம் செய்து தர வேண்டும். அந்தக் குண்டுக்குத் தேவையான புளூட்டோனியக் கருக்களை 2030-க்குள் வருடத்துக்கு 80 வீதம் செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, அது நடக்காது என்று அந்த நிர்வாகமே ஒப்புக்கொண்டும் விட்டது. இதனால் புது ஏவுகணை முதலில் பழைய டபிள்யூ87-0 குண்டோடுதான் நிலைநிறுத்தப்படும் என்று திட்டம். ஒருவர் தாமதமானால் இன்னொருவர் எதை வைத்துச் சமாளிப்பது என்பது இப்படி முன்பே யோசிக்கப்பட்ட இடங்களும் இதில் உண்டு.

ஏன் மாடலை நம்பினார்கள்

பழைய முறையில் இவ்வளவையும் ஆவணங்களில் பிடித்து வைப்பார்கள். தேவைகள் ஒரு கோப்பில், இடைமுகங்கள் இன்னொன்றில், வரைபடம் வேறொரு மென்பொருளில். ஏவுகணையின் எடை கொஞ்சம் கூடினால் வண்டியின் அச்சு, சைலோவுக்குள் அதைத் தாங்கும் தொங்கல் அமைப்பு, பாலங்களின் தாங்குதிறன் என எல்லாவற்றையும் யாராவது ஒருவர் நினைவு வைத்துத் திருத்த வேண்டும், அந்த ஒருவர் விடுப்பில் இருந்தால் போச்சு.

மாடல் முறையில் தேவை, செயல், பாகம், அளவு எல்லாம் சிஸ்எம்எல் போன்ற ஒரு மொழியில் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். எடையை மாற்றினால் அது தொடும் இடங்கள் எவை என்று மாடலே காட்டும். கொள்முதல் செய்கிற அரசுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு: குறிப்பு மாடலைத் தானே வைத்துக்கொண்டால் ஒப்பந்த நிறுவனம் தருவதை அதோடு பொருத்திப் பார்க்கலாம், பிற்காலத்தில் ஒரு பாகத்தை மட்டும் வேறொருவரிடம் வாங்கலாம். 2018 ஜூனில் பென்டகன் தன் டிஜிட்டல் இன்ஜினியரிங் வியூகத்தை வெளியிட்டபோது அதன் நடுநாயகமான யோசனை இதுதான், எல்லோரும் நம்பக்கூடிய ஒரே அதிகாரபூர்வ உண்மை மூலம். அடுத்த ஓரிரு வருடங்களில் விமானப்படையின் கொள்முதல் தலைமை இதைப் பெரிய அளவில் முன்னிறுத்தியது, அப்போது காட்டப்பட்ட எடுத்துக்காட்டுகளில் இந்த ஏவுகணைத் திட்டமும் ஒன்று. (சென்டினல் என்ற பெயர் 2022 ஏப்ரலில்தான் வந்தது, அதுவரை ஜிபிஎஸ்டி என்றே அழைத்தார்கள்.)

அந்த நம்பிக்கையில் தவறில்லை. ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் அமைப்புகளை வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை.

2016 முதல் 2020 வரை: எடுக்கப்பட்ட முடிவுகள்

முதல் அறிகுறி ஆரம்பத்திலேயே வந்தது. 2016-இல் திட்டம் முதல் மைல்கல்லை (அடுத்த கட்டத்துக்குப் போக அனுமதி தரும் முறையான முடிவு) தாண்டியபோது விமானப்படையின் மதிப்பீடு சுமார் 6,200 கோடி டாலர், பென்டகனின் சுயேச்சையான செலவு மதிப்பீட்டு அலுவலகம் சொன்னது 8,500 கோடி. ஒரே திட்டத்துக்கு 2,300 கோடி டாலர் வித்தியாசம். பல பத்தாண்டுகளாக இப்படி ஒன்றைக் கட்டாததால் ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான பழைய கணக்கு யாரிடமும் இல்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. நான் இதை மிக முக்கியமாகப் பார்க்கிறேன். வித்தியாசத்தில் யார் சரி என்பதைவிட, எந்தத் தகவல் இல்லாததால் இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று கேட்டுப் பட்டியல் போட்டிருந்தால், அந்தப் பட்டியலில் சைலோவும் கேபிளும் மேலே வந்திருக்கும்.

2017 ஆகஸ்டில் போயிங்கும் நார்த்ராப் க்ரம்மனும் வடிவமைப்பு ஒப்பந்தம் பெற்றன, ஆளுக்கு முப்பது கோடி டாலருக்கு மேல். 2018-இல் நார்த்ராப், திட எரிபொருள் ராக்கெட் மோட்டார் செய்யும் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஒன்றான ஆர்பிடல் ஏடிகேயை வாங்கியது. 2019 ஜூலையில் போயிங், இதனால் போட்டி நியாயமாக இல்லை என்று விலகிக்கொண்டது. மிச்சம் ஒரே ஒருவர். 2020 செப்டம்பரில் 1,330 கோடி டாலர் மேம்பாட்டு ஒப்பந்தம் நார்த்ராப் கைக்குப் போனது, அத்துடன் மேம்பாட்டுக் கட்டத்துக்கான இரண்டாம் மைல்கல் முடிவும் எடுக்கப்பட்டது.

அப்போதைய முடிவுகளில் மூன்று இங்கே முக்கியம். ஒன்று, இருக்கிற சைலோக்களையே புதுப்பித்துப் பயன்படுத்துவது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான முடிவுதான், 450 குழிகளைப் புதிதாகத் தோண்டுவது யாருக்குப் பிடிக்கும்? இரண்டு, தேதி. 2029-இல் முதல் ஏவுகணைகள் தயார், 2030-களின் நடுவில் முழுவதும் மாறிவிட வேண்டும். இந்தத் தேதியைத் தீர்மானித்தது பழைய ஏவுகணையின் வயது, வேலையின் அளவைக் கணக்கிட்டு வந்த தேதி இல்லை இது. 2021 தொடக்கத்தில் அணு ஆயுதப் படைகளுக்குப் பொறுப்பான அப்போதைய வியூகப் படைத் தளபதி, மினிட்மேனின் ஆயுளை இனி நீட்டிக்க முடியாது என்று பொதுவெளியிலேயே சொல்லிவிட்டார், அதனால் தேதியைக் கேள்வி கேட்க இடமே இல்லாமல் போனது. மூன்றாவது, பேச்சு முழுக்க ஏவுகணையைச் சுற்றியே இருந்தது. தரைப்பகுதியை 'கட்டளை மற்றும் ஏவுதல் பிரிவு' என்ற ஒரு பெட்டிக்குள் போட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள்தான் 600-க்கும் மேற்பட்ட கட்டுமானங்களும், பல மாநிலங்களில் பரவிய ஏறத்தாழ 40,000 சதுர மைல் நிலமும் இருந்தன.

2021 முதல் 2023 வரை: தெரிய ஆரம்பித்தவை

இந்தக் கட்டத்தில் வந்த தொல்லைகள் பெரும்பாலும் சாதாரணமானவை. 2023 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, திட்டம் பின்தங்கியிருக்கிறது என்றும் காரணங்கள் ஆள் பற்றாக்குறை, பாதுகாப்பு அனுமதி தாமதம், ரகசியக் கணினி வசதிகளில் சிக்கல், உதிரிப்பாக விநியோகத் தடை என்றும் எழுதியது. ரகசியக் கணினி வசதி என்பதைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. மாடல்தான் உண்மை மூலம் என்று முடிவு செய்துவிட்டு, பொறியாளர் அதைத் திறக்க அனுமதிக்கும் கணினிக்கும் பல மாதம் காத்திருக்க வேண்டியிருந்தால், அந்த இடைவெளியில் வேலை மறுபடி தனித்தனிக் கோப்புகளுக்கே போய்விடும். இது மனித இயல்பு, யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

முதல் சோதனைப் பறப்பு 2023 இறுதியில் நடக்க வேண்டியது, 2026-க்குத் தள்ளிப்போனது.

இதே சமயத்தில் வேறொரு விமானப்படைத் திட்டமும் ஓடியது, பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும். டி-7ஏ பயிற்சி விமானம், டிஜிட்டல் வடிவமைப்பின் செல்லப்பிள்ளை. 36 மாதத்தில் வரைபடத்திலிருந்து வானத்துக்குப் போனது, பாகங்களைப் பொருத்தும் நேரம் 80 சதவீதம் குறைந்ததாகத் தயாரிப்பாளர் சொன்னார். அப்புறம் எடை குறைந்த விமானிகளுக்கு வெளியேற்று இருக்கை பாதுகாப்பானதாக இல்லை என்று சோதனையில் தெரிந்தது, அதிகக் கோணத்தில் பறக்கும்போது இறக்கை ஆடும் சிக்கலும் வந்தது, தேதிகள் வருடக் கணக்கில் நகர்ந்தன. 2023-இல் விமானப்படைச் செயலரே டிஜிட்டல் இன்ஜினியரிங்கை மிகைப்படுத்திவிட்டார்கள், லாபம் 20 சதவீத அளவில்தான் என்ற தொனியில் பேசினார். 20 சதவீதம் என்பதும் சின்ன விஷயம் இல்லை என்பதை அந்தக் கூச்சலில் யாரும் கவனிக்கவில்லை.

2024: கணக்கு வெளியே வந்தது

2024 ஜனவரியில் விமானப்படை, செலவு வரம்பை மீறிவிட்டதாக நாடாளுமன்றத்துக்கு முறைப்படி அறிவித்தது. நன்–மெக்கர்டி சட்டம் என்று ஒன்று 1980-களிலிருந்து இருக்கிறது. ஓர் ஆயுதத்தின் சராசரி அலகு விலை நடப்பு அடிப்படை மதிப்பீட்டிலிருந்து 25 சதவீதம் தாண்டினால், பாதுகாப்புச் செயலர் தரப்பு சில நிபந்தனைகளைச் சான்றளிக்காவிட்டால் திட்டம் ரத்து. 2020 கணக்குப்படி அலகு விலை 11.8 கோடி டாலர், ஜனவரியில் 16.2 கோடி. 37 சதவீத உயர்வு, கூடவே இரண்டு வருடத் தாமதம்.

அது ஆரம்பம்தான். 2024 ஜூலை 8 அன்று பென்டகன் மறுபடி கணக்குப் போட்டபோது அலகு விலை 21.4 கோடி டாலர் ஆனது. மொத்தத்தில் 7,770 கோடி என்றிருந்தது 14,090 கோடி டாலர், 81 சதவீதம் கூடுதல், பல வருடத் தாமதம். அதுவும் திட்டத்தைக் கொஞ்சம் எளிமையாக்கி மாற்றியமைத்த பிறகு வரும் தொகை. ஆனாலும் தேசப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது, இதைவிடக் குறைந்த செலவில் அதே வேலையைச் செய்யும் வேறு வழி இல்லை என்று சான்றளித்துத் திட்டத்தைத் தொடர விட்டார்கள். 2020-இல் எடுத்த மைல்கல் முடிவைத் திரும்பப் பெற்று, எல்லாவற்றையும் மறுசீரமைக்கச் சொன்னார்கள்.

செலவு கூடியதில் பெரும்பகுதி ஏவுகணையில் இல்லை. கட்டளை மற்றும் ஏவுதல் பிரிவில், அதாவது சைலோ, கட்டுப்பாட்டு மையம், பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை, அதற்கான காலம், ஆட்கள். அந்தப் பகுதிக்குள் சுமார் 7,500 மைல் (12,000 கிலோமீட்டர்) கேபிளும் அடக்கம். செப்புக் கேபிள் போய் ஃபைபர் வர வேண்டும், அது தனியார் நிலங்கள் ஊடாகப் போகிறது, ஒவ்வொரு நில உரிமையாளரோடும் பேச வேண்டும். நெப்ராஸ்காவின் கிம்பால் போன்ற சின்ன ஊர்களில் ஊர் மக்கள்தொகைக்கு ஈடான தொழிலாளர்களைத் தங்க வைக்கத் திட்டம் போட வேண்டியிருந்தது.

சான்றளித்த கொள்முதல் துறை உயரதிகாரி பத்திரிகையாளர்களிடம் சொன்னதன் சாரம்: 2020-இல் முடிவெடுத்தபோது தரைப்பகுதியைப் பற்றிய அறிவு, நல்ல செலவு மதிப்பீடு போடும் அளவுக்கு இல்லை. பிறகு வந்த காரண ஆய்வின் பட்டியல் இன்னும் கூர்மையானது: நடைமுறைக்கு ஒவ்வாத காலக்கெடு, முழுமையடையாத அடிப்படை வடிவமைப்பு, தேய்ந்துபோன தொழில்துறை, அத்துடன் பலனளிக்காத சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். எம்பிஎஸ்இக்கு எடுத்துக்காட்டாக நிறுத்திய திட்டத்துக்கு வந்த குற்றப்பத்திரிகையில் இந்தக் கடைசி வரி இருக்கிறது.

2025: பின்விளைவுகள்

பிப்ரவரியில் கட்டளை மற்றும் ஏவுதல் பிரிவின் சில வேலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், தேவைகள் மாறப்போகின்றன என்பதால். மார்ச்சில் யூட்டாவில் முதல் அடுக்கு ராக்கெட் மோட்டாரை நிலையாக நிறுத்தி எரித்துப் பார்த்தார்கள், நன்றாகவே போனது. ஏவுகணைப் பக்கம் நகர்கிறது, தரைப்பக்கம் நிற்கிறது. திட்டத்தின் நிலையை இந்த இரண்டு மாதங்களே சொல்லிவிடும்.

மே மாதத்தில் பெரிய திருப்பம். பழைய சைலோக்களைப் புதுப்பிப்பதை விட்டுவிட்டு, பெரும்பாலும் புதிதாகவே தோண்ட வேண்டியிருக்கும் என்று விமானப்படை உறுதிப்படுத்தியது. கலிபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்தில் ஒரு சோதனைச் சைலோவை மாற்றியமைக்கும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள், அதில் இறங்கிப் பார்த்தபோதுதான் அந்தந்த இடத்தின் தெரியாத நிலைமைகள் செலவையும் காலத்தையும் எப்படி இழுக்கும் என்பது உறுதியானது. முதல் சோதனைப் பறப்பு 2028 மார்ச்சுக்குப் போய்விட்டது. செப்டம்பரில் ஜிஏஓ, மினிட்மேன் 3 ஏவுகணைகளை 2050 வரை ஓட்ட வேண்டி வரலாம் என்று எழுதியது. ஆயுளை நீட்டிக்கவே முடியாது என்று 2021-இல் சொன்ன அதே ஏவுகணையைத்தான்.

எங்கே பிசகியது

என் வாசிப்பு இது. மாடலில் இரண்டு வகையான தகவல் உள்ளே போகிறது, யாரோ அளந்தது, யாரோ ஊகித்தது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டிகள். புது ஏவுகணையின் முதல் அடுக்கு பற்றிய பெட்டிக்குப் பின்னால் பகுப்பாய்வும் சோதனையும் இருக்கும், 'சைலோ, தற்போதுள்ளது, மறுபயன்பாடு' என்ற பெட்டிக்குப் பின்னால் 1960-களின் வரைபடமும் ஒரு நம்பிக்கையும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே கோடு போட்டு இடைமுகத்தை வரையறுத்துவிட்டால், எல்லாத் தேவைகளும் எங்காவது ஒன்றில் முடிகின்றன, மாடல் முழுமையாகத் தெரிகிறது. சரிபார்ப்புக் கருவியும் பிழை காட்டாது. காட்டவும் முடியாது, அந்தக் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்பது இலக்கணப் பிழை இல்லையே. பழைய வீட்டை இடித்துக் கட்டாமல் சுவரை அப்படியே வைத்துப் புதுப்பிக்கிறேன் என்று எஸ்டிமேட் வாங்கியவர்கள் யாரையாவது கேளுங்கள், பூச்சைத் தட்டிய அன்று என்ன ஆயிற்று என்று.

இன்னொன்று, அளவு பெருகும் விதம். ஏவுகணையில் ஒரு தவறு இருந்தால் வடிவமைப்பில் ஒரு முறை திருத்தி எல்லாப் பிரதிகளுக்கும் போட்டுவிடலாம். சைலோ அப்படி இல்லை. 450 இடம், 450 மண், நிலத்தடி நீர் எங்கெங்கே எந்த ஆழத்தில் என்பது வேறு வேறு. ஒவ்வொன்றிலும் பழைய ஏவுகணை இறக்கப்பட வேண்டும், அணுசக்திப் பாதுகாப்பு விதிகளின் கீழ், மொத்தப் படையின் தயார்நிலை குறையாமல், வட டகோட்டாக் குளிரில். மாடலில் இது ஒரு பெட்டி, பக்கத்தில் 450 என்ற பெருக்கல் எண். அந்தப் பெட்டியில் ஏற்படும் சின்ன ஊகப்பிழை 450 மடங்காக வந்து விழும் என்பதால், அளந்து பார்க்கும் செலவை முதலில் கொட்டியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

பிறகு, யார் மாடல் போட்டார்கள் என்ற விஷயம். விண்வெளி நிறுவனங்களின் பொறியாளர்கள் சிஸ்எம்எல்லில் யோசிப்பார்கள். கட்டுமானக்காரர்களின் உலகம் வேறு, அவர்களுக்குக் கட்டட மாடல், மண் சோதனை, அளவுப் பட்டியல், ஒப்பந்தக்காரரின் கிரேன் வாடகை. இந்த இரண்டு உலகங்களின் கருவிகளும் ஒன்றோடொன்று சரியாகப் பேசுவதில்லை என்பது துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல். 1960-களில் சைலோக்களைக் கட்டும் பணியை ராணுவப் பொறியாளர் படை மேற்பார்வை செய்தது. அந்த மாதிரியான கட்டுமான அனுபவம் கொள்முதல் மேசையில் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருந்தது என்பதைச் செலவு உயர்ந்த இடத்தைப் பார்த்தே ஊகிக்கலாம்.

தேதியை இங்கே மறுபடி சொல்ல வேண்டும். காலக்கெடு வெளியிலிருந்து வந்த நிபந்தனையாக மாடலுக்குள் போனால், மாடல் அதற்கு ஏற்றபடி ஒரு வழியைக் கண்டுபிடித்துக் கொடுக்கும், அதற்காகத்தானே அது இருக்கிறது. 'இந்தத் தேதிக்குள் முடிக்க எதையெல்லாம் நம்ப வேண்டும்' என்று திருப்பிக் கேட்டிருந்தால் சைலோ மறுபயன்பாடு அந்தப் பதிலில் முதலில் வந்திருக்கும். ஒரே ஒரு ஏலதாரர் என்ற நிலை இதை இன்னும் கெடுத்தது. இன்னொரு குழு வேறு ஊகங்களோடு வேறு எண் கொடுத்திருந்தால், அந்த வித்தியாசமே எங்கே யாருக்கும் தெரியாது என்பதைக் காட்டியிருக்கும்.

எம்பிஎஸ்இ இல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆவண முறையில் இதே ஊகம் எங்கோ 300-ஆம் பக்கத்தில் கிடந்திருக்கும், அவ்வளவுதான். மாடல் முறைக்கே உரிய ஆபத்து ஒன்று மட்டும் உண்டு: பார்க்க நன்றாக இருக்கிறது. கூட்ட அறையில் பெரிய திரையில் ஏவுகணை சுழலும்போது, மண் சோதனை அறிக்கை எங்கே என்று கேட்க ஆளுக்குக் கூச்சமாக இருக்கும்.

என்ன மாற வேண்டும்

2023 டிசம்பரில் பென்டகன் டிஜிட்டல் இன்ஜினியரிங்கைப் புதுத் திட்டங்களுக்கு விதியாகவே ஆக்கியது, 5000.97 என்ற எண்ணுள்ள உத்தரவு. அதனால் மாடல் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் முடிந்துவிட்டது. எப்படி என்பதுதான் மிச்சம்.

முதலில் செய்ய வேண்டியது மலிவானது. மாடலில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் அது எப்படித் தெரியும் என்ற ஒரு பண்பைச் சேர்ப்பது. நேரில் அளந்ததா, சோதித்ததா, பழைய வரைபடத்திலிருந்து எடுத்ததா, வெறும் ஊகமா. சிஸ்எம்எல்லில் இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை, ஒரு ஸ்டீரியோடைப்பும் (உறுப்புகளுக்கு நாமே சேர்க்கும் வகைக்குறி) ஒழுங்கும் போதும். அதை வைத்து, ஊகமான உறுப்புகளின் மேல் எத்தனை கோடி டாலர் நிற்கிறது என்று மைல்கல் கூட்டத்துக்கு முன் ஒரு அறிக்கை எடுக்கலாம். இந்தத் திட்டத்துக்கு 2020-இல் அப்படி ஓர் அறிக்கை மேசைக்கு வந்திருந்தால் தரைப்பகுதி முழுவதும் சிவப்பாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன், 2024-இல் சான்றளித்த அதிகாரி சொன்னதும் அதுதானே.

இரண்டாவது அவ்வளவு மலிவில்லை. வாண்டன்பர்க்கில் செய்ததை மேம்பாட்டு ஒப்பந்தத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டும். ஒரு சைலோவை எடுத்து, உண்மையிலேயே உடைத்து, மாற்றிக் கட்டிப் பார்ப்பது. கூடவே மூன்று தளங்களிலும் சிலவற்றில் மண்ணையும் கான்கிரீட்டையும் எடுத்துச் சோதிப்பது. கொஞ்ச காலம் போகும், செலவும் ஆகும், அதற்கு எதிர்ப்பும் வரும். 6,300 கோடி டாலர் உயர்வோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு எந்த மூலைக்கு?

ஏவுகணையையும் கட்டுமானத்தையும் ஒரே முதன்மை ஒப்பந்தத்தில் கட்டுவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. பிரித்தால் இடைமுகப் பொறுப்பு அரசின் தலையில் விழும், அதற்கு அரசிடம் திறமையான ஆட்கள் வேண்டும். அப்படி ஆட்கள் இல்லை என்பதால்தான் ஒரே நிறுவனத்திடம் கொடுக்கிறார்கள். ஆனால் அரசிடம் குறிப்பு மாடல் இருந்து, அதைப் படித்துக் கேள்வி கேட்கும் ஆள் இல்லையென்றால் அந்த மாடல் யாருக்குச் சொந்தம் என்பதில் பெரிய அர்த்தம் கிடையாது. முதலில் சேர்க்க வேண்டியது ஆட்களை, அதிலும் குறிப்பாகச் சிவில் பொறியாளர்களை, மாடல் குழுவுக்குள்ளேயே.

குண்டு, கூடு, ஹெலிகாப்டர், வண்டி என்று மற்றவர் கையில் இருக்கும் பகுதிகளுக்கு டபிள்யூ87-0 குண்டு விஷயத்தில் செய்தது நல்ல முன்மாதிரி. எதிர்பார்த்தது வராவிட்டால் என்ன என்பதற்கு மாற்று வழி முன்கூட்டியே திட்டத்தில் இருந்தது. சைலோவுக்கு அப்படி ஒரு மாற்று வழியும் அதற்கான விலையும் 2020-இலேயே இருந்திருந்தால், 2025-இல் வந்தது அதிர்ச்சியாக இல்லாமல் ஏற்கெனவே விலை போட்ட ஒரு தேர்வாக இருந்திருக்கும்.

மறுசீரமைத்த திட்டம் மறுபடி இரண்டாம் மைல்கல்லுக்கு வரும்போது புது எண்களைச் சுற்றித்தான் செய்திகள் ஓடும். நான் தேடப்போவது வேறு: புதிதாகத் தோண்டப் போகும் இடங்களில் எத்தனைக்கு மண் சோதனை முடிந்திருக்கிறது, கேபிள் போகும் பாதையில் எவ்வளவு தூரத்துக்கு நில அனுமதி கையெழுத்தாகியிருக்கிறது.